குமரிக் கடற்கரையில் ஃபார்வர்டு தேடி

வெள்ளி, தூத்தூர்

மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி நித்திரவிளை வழியாக வந்தால், கடல் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே பந்து கண்ணில் பட்டுவிடும். குழித்துறை ஆறு கடலில் சேரும் தேங்காப்பட்டணத்துக்கு மேற்கே பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று வீட்டோடு வீடு ஒட்டிய கரையூர்கள். நீரோடியைத் தாண்டினால் கேரளத்துப் பொழியூர். அங்கேயும் இதே பைத்தியம்தான். 2019இல் இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்.

வந்த வேலை, 13 முதல் 15 வயது வரை உள்ள ஃபார்வர்டுகளை, அதாவது கோல் அடிக்க முன்னால் ஆடுகிறவர்களை, பார்த்து ஆளுக்கொரு பக்கம் அறிக்கை எழுதுவது. அந்தப் பக்கத்தில் கோல் கணக்குக்குக் கடைசி வரிதான் இடம். இந்த வயதில் கோல் கணக்கு என்பது பெரும்பாலும் உயரக் கணக்கு. பையன்கள் மளமளவென்று வளரும் கட்டம் சராசரியாக 14 வயதை ஒட்டி வருகிறது; உச்சத்தில் வருடத்துக்கு 8 முதல் 10 செ.மீ. வரை கூடலாம். ஒருவனுக்கு அது 12 வயதிலேயே வந்துவிடும், இன்னொருவன் 16 வரை காத்திருக்க வேண்டும். முந்தி வளர்ந்தவன் வெறும் ஓட்டத்திலேயே ஆளைத் தாண்டிவிடுவதால், தாண்ட வேறு வழி தேட வேண்டிய அவசியம் அவனுக்கு வருவதே இல்லை. 18 வயதில் மற்றவர்கள் எட்டிப் பிடித்ததும் அவனிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது.

பிறந்த தேதியும் இதே கணக்கில் சேரும். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருடம். அதனால் நோட்டில் பெயருக்கு அடுத்த கட்டம் பிறந்த தேதிக்கு. ஆதாரில் வெறும் வருடம் மட்டும் இருந்தால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்பது நல்லது. பிறகு எப்படியும் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பார்கள். அங்கே போய் மாட்டிக்கொள்வதைவிட இங்கேயே தெரிந்துகொள்வது பையனுக்கும் நல்லது.

இன்று மாலைப் பயிற்சி ஆட்டத்தில் எல்லோரும் கைகாட்டிய பையன் ஒன்பதாம் எண். மூன்று கோல் போட்டான். மூன்றும் ஒரே மாதிரி: எதிரணியின் நடுத் தடுப்பாளரான ஸ்டாப்பரின் தலைக்கு மேல் தூக்கிப் போட்ட பந்தைத் துரத்திப் போய் வலது காலால் அடித்தது. "சார், இவன நிறுத்த இங்க ஆளு கெடையாது" என்றார் கோச். ஆளே கிடையாது என்றால் அவனை எதைக்கொண்டு அளப்பது?

அதே அணியில் இடது ஓரத்தில், விங்கில், 17ஆம் எண். ஒரு தலை குட்டை, இடங்காலன், கோல் ஒன்றும் இல்லை. பந்து தன்னிடம் வருவதற்கு முன் அவன் கழுத்து என்ன செய்தது என்பதுதான் நோட்டில் ஏறியது. ஒருமுறை தோளுக்கு மேல் பின்னால் பார்த்தான். பாஸ் கொடுப்பவன் தலை குனிந்து பந்தைத் தயார்ப்படுத்தும்போது இன்னொரு முறை. பந்து பாதி வழி வந்துகொண்டிருக்கும்போது மூன்றாவது முறை, கண் இமைக்கும் நேரம். பந்து காலில் பட்டதும் முதல் டச்சிலேயே உள்பக்கம் திரும்பிவிட்டான். ஒட்டி வந்த தடுப்பாட்டக்காரன் (பேக்), வெளிப்பக்கம் அவன் இல்லாத இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

பந்து வாங்குவதற்கு முந்தைய 10 விநாடியில் தலை எத்தனை முறை திரும்புகிறது என்று எண்ணும் இந்த முறையை நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பெரிய லீக் ஆட்டக்காரர்களிடம் பல வருடம் செய்திருக்கிறார். அதிகம் பார்ப்பவர்களின் பாஸ்தான் அதிகம் போய்ச் சேருகிறது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. "பின்னால பாருலே" என்று கோச் கத்திக் கத்தி, பார்ப்பதுபோலக் கழுத்தை ஆட்டப் பழகிய பையன்களும் உண்டு. கண்டுபிடிக்க ஒரு வழி: ஆளில்லாத பக்கம் இருக்கும்போது அங்கே திரும்புகிறானா, ஆள் ஒட்டியிருக்கும்போது ஒரே டச்சில் திருப்பிக் கொடுக்கிறானா? இரண்டு நிலையிலும் அதே டச் என்றால் அவன் பார்க்கவில்லை.

இப்படிப் பார்ப்பதற்குப் பந்தை மறக்க வேண்டும். ஐஸ் ஹாக்கியில் ஃபார்வர்டுகளைத் தேடுபவர்களுக்கு ஒரு வசதி: ஒரு ஃபார்வர்டு முக்கால் நிமிடம் முழு வேகத்தில் ஆடிவிட்டு பெஞ்சுக்குப் போய்விடுவார், அந்த முக்கால் நிமிடத்தை மட்டும் கண் கொட்டாமல் பார்த்தால் போதும். இங்கே ஒருவனை 15 நிமிடம் விடாமல் பார்க்க வேண்டும். அதில் பந்து அவன் காலில் இருப்பது மொத்தம் ஒரு நிமிடம்கூட வராது. மீதியில்தான் அவன் யார் என்பது இருக்கிறது. கோல் விழுந்து ஊரே கத்தினாலும் கண்ணைத் திருப்பக் கூடாது. கஷ்டம்தான்.

சனி, வள்ளவிளை

கடலரிப்பில் மணல் குறைந்துகொண்டே வருகிறது. கல்சுவருக்கும் வீட்டு வரிசைக்கும் நடுவே மிஞ்சிய இடத்தில்தான் காலை ஆட்டம். ஏழு பேர், வெறுங்கால், நீளமும் அகலமும் வள்ளங்கள் நிற்பதைப் பொறுத்து.

மணல் என்ன கொடுக்கிறது, என்ன கெடுக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் கரையூர்ப் பையனைப் பற்றி எழுதவே கூடாது. மணலில் ஓட, உறுதியான தரையைவிடச் சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும் என்று 1998இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கால் புதைவதால் தரையிலிருந்து கிடைக்க வேண்டிய எதிர்விசை வீணாகிறது. அதனால் இந்தப் பையன்கள் சின்னச் சின்ன அடியாக வைத்து ஓடுகிறார்கள். இடுப்பு தாழ்ந்திருக்கும், நின்ற இடத்தில் திரும்புவார்கள், ஒற்றைக் காலில் நிலை தடுமாற மாட்டார்கள். பந்து மணலில் உருளாது என்பதால் காற்றிலேயே வாங்கி காற்றிலேயே கொடுக்கப் பழகியிருக்கிறார்கள். முழங்கால் உயரத்தில் வரும் பந்தைப் பாதத்தின் மேல்புறத்தில் ஏந்தி அடக்குவதை, இங்கே 13 வயதுப் பையன் சர்வ சாதாரணமாகச் செய்கிறான்.

கெடுப்பது மூன்று. எகிறும் பந்தைக் கணிக்கத் தெரியாது, ஏனென்றால் மணலில் பந்து எகிறுவதே இல்லை. கால்விரல் நுனியால் கிண்டி அடிக்கும் பழக்கம். மணலில் பந்துக்கு அடியில் கால் போக வேறு வழியில்லை, ஆனால் கெட்டித் தரையில் அந்த அடி எங்கே போகும் என்று அடித்தவனுக்கே தெரியாது. மூன்றாவது, நீண்ட ஓட்டம். 10 மீட்டர் வரை புலி, 25 மீட்டரில் அடி நீளாமல் பின்தங்குவான். இந்த மூன்றும் அவனுடைய குறையா, மணலின் குறையா என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. அதே பையனைக் கெட்டித் தரையில் பார்க்கும்வரை பென்சிலால் மட்டும் எழுதி வைப்பது வழக்கம்.

சாயங்காலம் கொஞ்சம் உள்ளே தள்ளி, பெரிய மைதானத்தில் ஆட்டம். வீடியோ எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தக் கரை தென்மேற்கைப் பார்த்தது, ஜனவரியையொட்டி வெயில் கடல் பக்கமாகவே இறங்கும். கடலுக்கு முதுகு காட்டி நின்றால் வெளிச்சம் உங்களுக்குப் பின்னால். எதிர்ப்பக்கம் நின்றால் நாலு மணிக்கு மேல் எல்லோரும் கறுப்பு நிழல். கோட்டோரம் கூட்டம் நெருக்கும் என்பதால் மாடி வீடோ மேடையோ பார்த்து, நடுக்கோட்டுக்கு நேராக 3 மீட்டர் உயரமாவது ஏறிவிட வேண்டும். பந்தைத் துரத்தி ஜூம் செய்யாதீர்கள். ஃபார்வர்டும் எதிரணி ஸ்டாப்பர்களும் எப்போதும் ஒரே சட்டகத்தில் இருந்தால்தான் ஓட்டம் எப்போது கிளம்பியது என்று பிறகு தெரியும். உப்புக்காற்றில் லென்ஸ் அரை மணிக்கு ஒருமுறை மங்கும். சட்டை நுனியால் தேய்க்காமல் ஈரப் பஞ்சால் ஒற்றி, பிறகு உலர்ந்த துணி.

மத்தியானத்துக்குமேல் கடற்காற்று எழும். எந்தப் பாதியில் எந்த அணி காற்றை எதிர்த்து ஆடியது என்று குறிக்காவிட்டால், தூக்கிப்போட்ட பந்தெல்லாம் நின்று விழுந்ததற்கு ஃபார்வர்டின் மேல் பழி விழும்.

ஞாயிறு, முட்டம்

பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, மைதானம் நிறைய நாலு மணி. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டம், பெரியவர்களுக்கு நடுவே 15 வயதுப் பையன்கள் இரண்டு பேர். பார்த்தது ஒன்றே ஒன்று: பந்தை இழந்ததும் அடுத்த ஐந்து விநாடி.

கையை விரித்து ரெஃபரியைப் பார்க்கிறவன், பாஸ் சரியில்லை என்று கூட்டாளியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறவன், நின்று ஜெர்ஸியை இழுத்துவிட்டுக்கொள்கிறவன், உடனே திரும்பி மூன்று அடி துரத்துகிறவன். இவர்களில் யார் என்று எழுதுங்கள். எந்த நிமிடத்தில், ஸ்கோர் என்ன என்பதையும் கூடவே எழுதுங்கள். ஜெயிக்கும்போது எல்லோரும் துரத்துவார்கள். 0-2இல், 50ஆவது நிமிடத்தில் துரத்துகிறவன் அபூர்வம். துரத்துவதிலும் புத்தி வேண்டும்: நேராகப் பாய்ந்தால் ஒரு டச்சில் ஏமாற்றிவிடுவார்கள். வளைந்து போய், ஒரு பக்கத்துப் பாஸை உடம்பால் மறைத்துக்கொண்டு நெருங்குகிறவனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது அவனே கண்டுபிடித்திருக்க வேண்டும். இரண்டாவது என்றால் வட்டம் போட்டு வையுங்கள்.

திங்கள், மார்த்தாண்டம் பக்கம்

ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே செம்மண் மைதானம். கரையிலிருந்து பள்ளி அணியோடு வெள்ளியன்று பார்த்த இரண்டு பேரும் வந்திருந்தார்கள், ஒன்பதாம் எண்ணும் 17ஆம் எண்ணும். பதினொரு பேர் ஆட்டம், லைன்ஸ்மேன் உண்டு. இந்தப் பயணத்தில் மிகவும் பயன்பட்ட நாள் இதுதான்.

முதல் 20 நிமிடம் எழுதவே இல்லை. வெறுங்காலில் ஆடியவன் பூட்ஸ் மாட்டினால் பந்து காலில் படும் உணர்வே மாறிவிடும். அதுவும் இரவல் பூட்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். செம்மண் காய்ந்து இறுகியிருக்கும்போது பூட்ஸ் அடியில் நீள ஸ்டட் (முளை) கூடாது. அது உள்ளே இறங்காமல் குதிகாலுக்கு அதிர்ச்சியைத் தள்ளும். வளரும் பையன்களுக்கு வரும் குதிகால் வலியும், முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதும் இப்படிப்பட்ட தரையில்தான் கிளம்பும். அடிப்பாகத்திலேயே வார்த்த குட்டை ஸ்டட் போதும். அரைநேர இடைவேளையில் எந்தப் பையன் குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று பார்ப்பதும் வேலையில் சேர்த்தி.

ஒன்பதாம் எண் ஆஃப்சைடு, ஆஃப்சைடு, மறுபடி ஆஃப்சைடு. வெளியே இருந்து "லேய், லைன பாருலே" என்று ஒரே சத்தம். லைனைப் பார்க்க அவனால் முடியாது, அதுதான் விஷயம். பந்து வைத்திருப்பவனுக்கு நெஞ்சை நேராகக் காட்டி நிற்கிறான். அப்படி நின்றால் ஸ்டாப்பர் முழுசாக முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறார். செவன்ஸில் பெரும்பாலும் ஆஃப்சைடு கிடையாது என்பதால் கரையில் இது குறையாகவே தெரிவதில்லை, கோலாகத்தான் தெரிகிறது. விதி சொல்வது, கூட்டாளி பந்தை அடிக்கும் நொடியில் ஃபார்வர்டின் தலை, உடல், கால் இவற்றில் ஏதாவது, பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிராளியையும்விடக் கோல் கோட்டுக்கு அருகில் இருக்கக் கூடாது. கையைக் கணக்கில் எடுப்பதில்லை. பந்து வந்து சேரும் நொடியைப் பார்க்க வேண்டியதில்லை, அடிக்கும் நொடி மட்டும்தான்.

சரி செய்வது சுலபம், ஆனால் மாதங்கள் பிடிக்கும். அரை உடம்பு திரும்பி, ஒரு தோள் பந்துக்கும் மறு தோள் கோலுக்குமாக நிற்கப் பழக வேண்டும். ஸ்டாப்பரின் கண்ணுக்கு எட்டாத பின்தோள் பக்கம் இரண்டு அடி ஒதுங்கி, கோட்டோடு பக்கவாட்டில் ஓடி, பாஸ் கொடுப்பவன் பந்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளித் தலை தூக்கும்போது வளைந்து உள்ளே வெட்ட வேண்டும். தலை தூக்குவதற்கு முன் கிளம்பினால் ஆஃப்சைடு. பந்து போன பிறகு கிளம்பினால் தாமதம். இவன் இன்று கிளம்பியது எப்போதும் முன்னால்தான். வேகம் இருப்பவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, அதனால் தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஹெட்டிங்கில் கண்ணை மூடுகிறான் என்பதற்குத்தான் கவலைப்பட வேண்டும். இந்த உயரத்துக்கு அது பெரிய நஷ்டம்.

17ஆம் எண் இன்று வாங்கிய பந்தில் பாதி காலைவிட்டு எகிறிப் போனது. மணல்காலம் இன்னும் தீரவில்லை. பெரிய பேக் ஒருவன் தோளால் இடித்தபோது இரண்டு முறை தரையில் கிடந்தான். ஆனால் ஒரு த்ரோவின்போது யாரும் சொல்லாமல் ஸ்டாப்பர்களுக்குப் பின்னால் போய் நின்றான். த்ரோ, கோல் கிக், கார்னர் மூன்றிலும் நேரடியாக வாங்கினால் ஆஃப்சைடு இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பந்து அவனுக்கு வரவில்லை. கூட்டாளிக்கு அந்த விதி தெரியவில்லை போல. நோட்டில் ஓட்டங்களுக்கு இரண்டு பத்தி வைப்பது இதற்காகத்தான்: ஓடியும் பந்து வந்தது, ஓடியும் பந்து வரவில்லை. இரண்டாம் பத்தி நீளமாக இருக்கும் பையன் மோசமான அணியில் ஆடுகிற நல்ல ஃபார்வர்டாக இருக்கலாம்.

செவ்வாய், நாகர்கோவில்

அண்ணா ஸ்டேடியத்தில் அளவெடுப்பு. காலை 7 மணிக்கே தொடங்கிவிடுவது உத்தமம்.

30 மீட்டர் ஓட்டம்: கோட்டுக்கு அரை மீட்டர் பின்னால் நின்றபடி கிளம்பி, மூன்று தடவை, நடுவில் மூன்று நிமிட ஓய்வு, சிறந்த நேரம் மட்டும். 10 மீட்டரில் ஒரு கம்பு நட்டு அந்த நேரத்தையும் தனியாக எடுக்க வேண்டும். கையில் பிடித்த ஸ்டாப் வாட்ச்சில் 0.2 விநாடி வரை பிசகும், இரண்டு பையன்களுக்கு இடையிலான வித்தியாசமே அவ்வளவுதான் இருக்கும். ஃபோனில் விநாடிக்கு 240 சட்டகம் வைத்துப் பக்கவாட்டில் எடுத்து எண்ணினால் போதும், செலவில்லை. ஒன்று மட்டும்: ஒரே ஃபோனை நடுவில் வைத்துக்கொண்டு கிளம்புவதையும் முடிவதையும் சாய்வாக எடுத்தால் கணக்கு கெடும், 10 மீட்டர் கம்புக்கு நேராக ஒன்று, கடைசிக் கோட்டுக்கு நேராக ஒன்று. இரண்டு வீடியோவிலும் கேட்கும்படி ஒரே கைதட்டலில் கிளப்பினால், அந்தச் சத்தத்திலிருந்து எண்ணலாம்.

திரும்பும் சோதனையில் 10 மீட்டர் ஓடி வந்து கோட்டைத் தாண்ட வேண்டும், அங்கிருந்து 5 மீட்டர் போய்த் திரும்பி மறுபடி கோட்டுக்கு. கோட்டைத் தாண்டிய நொடியிலிருந்து திரும்ப வந்த நொடி வரைதான் நேரம். இடது காலில் ஊன்றி ஒன்று, வலது காலில் ஊன்றி ஒன்று. ஒன்பதாம் எண் நேர் ஓட்டத்தில் முதல், இதில் நடுவில். 17ஆம் எண் நேர் ஓட்டத்தில் 10 மீட்டர் வரை ஒன்பதோடு ஒட்டி வந்தான், பிறகு விட்டுவிட்டான். சனிக்கிழமை மணல் சொன்னது இங்கேயும் சரியாக வந்தது.

பிறகு 20 மீட்டர் போய் 20 மீட்டர் வருவது, 10 விநாடி ஓய்வு, பீப் சத்தம் வேகமாகிக்கொண்டே போகும் யோ-யோ. இதில் எண்ணைவிட, பீப்புக்குள் கோட்டை எட்டாமல் எச்சரிக்கை வாங்கிய பிறகு பையன் முகத்தைப் பார்ப்பது பயன்.

உயரம் சுவரோடு, செருப்பில்லாமல். உட்கார்ந்த உயரம் தனியாக, சமதளமான பெட்டி மேல். கால் முந்தி நீண்டு, உடம்பு பின்னால் நீளும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஊகிக்கலாம். அப்பா உயரம், அம்மா உயரம் கூட்டி, அதோடு 13 செ.மீ. சேர்த்து, இரண்டால் வகுத்தால் பையன் எங்கே போய் நிற்பான் என்று தோராயம் கிடைக்கும். 8, 9 செ.மீ. இப்படியும் அப்படியும் போகும், ஜோசியம் இல்லை. ஒன்பதாம் எண் அந்தக் கணக்குக்கு ஏற்கெனவே கிட்டத்தட்ட வந்துவிட்டான். 17க்கு இன்னும் 20 செ.மீ.க்கு மேல் மிச்சம்.

அவன் அப்பாவின் உயரம் அம்மா சொன்னது. அப்பா ஆழ்கடலுக்குப் போயிருக்கிறார், திரும்ப வாரங்கள் ஆகும். தூத்தூர்ப் பக்கத்தில் பெற்றோர் இருவரிடமும் பேச வேண்டுமானால் மேற்குக் கரையில் மீன்பிடித் தடை இருக்கும் ஜூன், ஜூலைதான் சரி. ஆனால் அப்போது தென்மேற்குப் பருவமழை, மைதானம் சேறு. பேச்சுக்கு ஒரு சீசன், ஆட்டம் பார்க்க இன்னொரு சீசன்.

புதன், நாகர்கோவில்

ரயிலுக்கு முன் அறிக்கை. ஒவ்வொரு குறைக்கும் மூன்று விஷயம் எழுதியாக வேண்டும்: எப்போது தெரிந்தது, ஏன், எதைச் செய்தால் மாறும். "ஹெட்டிங் மோசம்" என்று எழுதுவது கோச்சைத் திட்டுவதற்குச் சமம். ஒன்பதாம் எண்ணுக்கு எழுதியது இப்படி:

"கண் மூடுகிறான், அதனால் பந்து நெற்றிக்குப் பதில் உச்சியில் படுகிறது. காற்று குறைந்த, எடை குறைந்த பந்தைக் கையால் ஒரு மீட்டர் தூரத்திலிருந்து போட்டு, நெற்றியில் படும்வரை பந்தின் தையலைப் பார்க்கச் சொல்லவும். நாளுக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். நிற்கும் கோணம்: திங்கள் வீடியோ. இடது கால் ஷாட் இல்லை. வேகத்தை நம்பி ஆடாமல் இருக்க, வாரம் ஒரு நாள் இவனைவிட இரண்டு வயது மூத்தவர்களோடு ஆடவிடவும். அங்கே ஓடித் தாண்ட முடியாது. உடம்பை நடுவில் வைத்துப் பந்தை மறைக்கவும், ஒரே டச்சில் சுவர்போலத் திருப்பிக் கொடுக்கவும் கட்டாயம் வரும்."

17க்கு நேர்மாறாக, அவன் உடம்புக்குச் சமமானவர்களோடு வாரம் ஒரு நாள். ஒரு வயது சின்னவர்களானாலும் பரவாயில்லை, அங்கே அவன் ஆளைத் தாண்டிப் பார்க்கட்டும். கெட்டித் தரையில் எகிறும் பந்து, தினமும் 15 நிமிடம், வீட்டுச் சுவர் போதும். எந்த இடத்தில் ஆடுவான் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறது. சூசைராஜ் விங்கில் ஆடி வந்தவர். 2019-20இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பை வென்ற கொல்கத்தாவின் ஏடிகே அணியில் அவர் ஆடியது இடது விங்-பேக்காக, அதாவது ஓரத்தில் ஏறித் தாக்கவும் இறங்கித் தடுக்கவும் வேண்டிய இடத்தில். இடங்காலன், பின்னால் துரத்துகிறவன், தலை திருப்பிப் பார்க்கிறவன் என்றால் 14 வயதில் ஃபார்வர்டு என்று முத்திரை குத்தி மூட வேண்டாம்.

அறிக்கை கோச்சுக்கு மட்டும். பையன்கள் கையில் போனால் ஒருவன் பயிற்சியை விட்டுவிடுவான், இன்னொருவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவான்.

அடுத்த அளவு மார்ச் கடைசியில். மாலைக்குள் முதுகெலும்பு அமுங்கி ஒரு செ.மீ. வரை குறையும் என்பதால் இதே காலை நேரம், இதே சுவர், இதே டேப்.